சும்மா இருந்தால் மட்டும் உறையும் லினக்ஸ்: ஒரு நிகழ்வு ஆய்வு

புகார்

ஒரு மடிக்கணினி. வாங்கும்போதே விண்டோஸ் 11 அதில் இருந்தது. அதே என்விஎம்இ வகை எஸ்எஸ்டியில் (இனி வட்டு) இடம் பிரித்து, லினக்ஸ் வகையான உபுண்டு 24.04 பிற்பாடு நிறுவப்பட்டது, கெர்னல் (இயங்குதளத்தின் மையக் கரு) 6.8. விண்டோஸில் ஒரு குறையும் இல்லை. உபுண்டுவுக்குள் போனால் மட்டும் தொல்லை. சில நாள் மாலை வரை தாங்கும், சில நாள் அரை மணி நேரத்தில் நின்றுவிடும்.

உரிமையாளர் நிரலெழுதப் பழகும் ஒரு மாணவி. என்னிடம் வருவதற்கு முன்பே அவர் நிறைய செய்துபார்த்திருந்தார். உபுண்டுவை அழித்து மறுபடி நிறுவினார், கிராஃபிக்ஸ் டிரைவரை மாற்றினார், வேறு டெஸ்க்டாப் போட்டுப் பார்த்தார். எதிலும் மாற்றமில்லை. ஆனால் பென்டிரைவிலிருந்து லைவ் உபுண்டுவை (நிறுவாமலே ஓடும் வடிவம்) ஓடவிட்டால் நாள் முழுக்க ஒன்றும் ஆகவில்லை. "அப்போ நான் இன்ஸ்டால் பண்றதுலதான் ஏதோ தப்பு, இல்லையாண்ணா?" என்று கேட்டார்.

அவருடைய நிறுவலில் ஒரு தப்பும் இல்லை. வழக்கின் சாவி அவர் போகிற போக்கில் சொன்ன இரண்டு விஷயங்களில் இருந்தது. முதலாவது: "வேலை பார்த்துட்டு இருக்கும்போது நிக்கிறதே இல்லண்ணா. எழுந்து போயிட்டு வந்தாத்தான் செத்துக் கிடக்கும்." இரண்டாவது: நின்றபின் ஆல்ட், சிஸ்ரிக்யூ, பி மூன்றையும் சேர்த்து அழுத்தி ரீஸ்டார்ட் செய்தால், பூட் செய்ய வட்டே இல்லை என்று கணினி சொல்லும். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து முழுக்க அணைத்து, மறுபடி போட்டால்தான் வட்டு தெரியும். அதுவரை விண்டோஸும் வராது. இந்த இரண்டாவதை அவர் தனிக் கோளாறாக நினைத்து, பயாஸில் பூட் வரிசை குழம்பியிருக்கிறது என்று ஒதுக்கி வைத்திருந்தார். கோளாறு சொல்ல வருகிறவர்கள் தங்களை அறியாமலே அறிகுறிகளைப் பிரித்து அடுக்கிக் கொண்டுவருவார்கள். அந்த அடுக்கைக் கலைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது.

நின்ற கணினியில் எது நிற்கவில்லை

கணினி நிற்பதில் வகைகள் உண்டு. எந்த வகை என்று தெரிந்தாலே பாதிச் சந்தேகங்கள் கழன்றுவிடும்.

மவுஸ் அம்புக்குறி உட்பட எல்லாம் ஒரே நொடியில் கல்லாகி, நெட்வொர்க்கில் பிங் செய்தாலும் பதில் இல்லையென்றால், ப்ராசஸர் தரப்பில் கோளாறு என்று தேடத் தொடங்கலாம். திரை மட்டும் உறைந்து, இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) மூலம் உள்ளே போக முடிந்தால் கிராஃபிக்ஸ். கேப்ஸ் லாக் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அது கெர்னல் பேனிக். கெர்னலே கையைத் தூக்கிவிட்டது என்று பொருள்.

இங்கே நடந்தது இவற்றில் எதிலும் சேரவில்லை. உபுண்டுவில் டெர்மினல் (கட்டளை அடிக்கும் சாளரம்) ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு, கணினியைச் சும்மா விட்டேன். நின்றது. அம்புக்குறி நகர்ந்தது. திறந்திருந்த பிரவுசர் பக்கத்தை மேலும் கீழும் உருட்ட முடிந்தது. கடிகாரம்கூட ஓடியது. ஆனால் புதிதாக எந்த நிரலைத் திறந்தாலும் ஐகான் சுழன்றுகொண்டே இருந்தது. முதல் அரை நிமிடம் இப்படி மௌனம். அதற்கப்புறம் டெர்மினலில் கட்டளை கொடுத்தால் உடனுக்குடன் "இன்புட்/அவுட்புட் எரர்" என்று பதில் வரத் தொடங்கியது.

டெர்மினலில் 'எக்கோ' என்ற கட்டளை கொடுத்தேன். அது சமர்த்தாக வேலை செய்தது. அவ்வளவாகப் பயன்படுத்தாத வேறொரு கட்டளை கொடுத்தேன். பிழை. மறுபடி எக்கோ, வேலை செய்தது. காரணம் எளிது. எக்கோ என்பது, நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை. பாஷ் ஏற்கெனவே நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. மற்றதை வட்டிலிருந்து எடுத்து வந்தால்தான் ஓட்ட முடியும். ஆக நினைவகம் நலம், ப்ராசஸர் நலம், கெர்னல் நலம், திரை நலம். வட்டைத் தொட வேண்டிய காரியம் மட்டும் நடக்கவில்லை.

இன்னும் ஒரு படி போகலாம். பாஷால் வேறு எந்த நிரலின் உதவியும் இல்லாமல் ஒரு கோப்பைத் தானே படிக்க முடியும். கெர்னல் உயிரோடு வைத்திருக்கும் 'ப்ராக்' அடைவில் 'மவுன்ட்ஸ்' என்ற கோப்பு வட்டில் இல்லை. கேட்கும்போது கெர்னல் அதை உருவாக்கித் தரும். அதைப் படித்தபோது ரூட் பார்ட்டிஷனுக்கு (வட்டில் உபுண்டு இருக்கும் பகுதி) நேரே 'ஆர்டபிள்யூ' (படிக்க, எழுத) என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்ஓ' என்று இருந்தது. அதாவது எழுதப்போய் எழுத முடியாமல், இனிமேல் படிக்க மட்டும்தான் என்று இஎக்ஸ்டி4 கோப்பமைப்பு தன்னைப் பூட்டிக்கொண்டிருந்தது.

கழித்துக் கட்டியவை

சந்தேகப் பட்டியலைச் சீக்கிரமே முடித்துவிடலாம். நினைவகத்தை மெம்டெஸ்ட்86+ கொண்டு ஒரு இரவு முழுக்கச் சோதித்ததில் பிழை இல்லை. இதைச் செய்யாமல் தாண்டிப் போகக் கூடாது. லினக்ஸ் சும்மா கிடக்கும் நினைவகத்தையெல்லாம் கோப்புகளின் கேஷாக, அதாவது படித்ததன் தற்காலிக நகலாக, பயன்படுத்தும் என்பதால், விண்டோஸ் தொடாமல் விட்ட ஒரு பழுதான மூலையை லினக்ஸ் முதலில் மிதித்துவிடும் வாய்ப்பு உண்டு.

சும்மா இருக்கும்போது உறைவது என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது ப்ராசஸரின் ஆழ்ந்த ஓய்வு நிலைகள். இன்டெலின் பே ட்ரெயில் வகைச் சிப்புகளும், 2017இல் வந்த முதல் தலைமுறை ரைசன் சிப்புகளும் லினக்ஸில் இப்படி உறைந்ததும், அந்த ஓய்வு நிலைகளை (சி-ஸ்டேட்) கட்டுப்படுத்தி அதைச் சமாளித்ததும் பலரும் அறிந்தது. ஆனால் அந்த வகை உறைவில் அம்புக்குறி நகராது. இங்கே நகர்கிறது. அதனால் அந்த வழியில் நேரம் செலவழிக்கவில்லை.

வட்டு தேய்ந்துவிட்டதா? எஸ்எஸ்டி தானே பராமரிக்கும் ஸ்மார்ட் பதிவில் ஊடகப் பிழைகள் 0. மீதமுள்ள மாற்றுக் கொள்ளளவு முழுசாக இருந்தது. ஒரே ஒரு எண் மட்டும் உறுத்தியது: 'அன்சேஃப் ஷட்டவுன்ஸ்', அதாவது முறையாகச் சொல்லிக்கொள்ளாமல் மின்சாரம் போன தடவைகள். வயதுக்குப் பொருந்தாத அளவுக்கு அது பெரிதாக இருந்தது. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்ததெல்லாம் அங்கே கணக்காகியிருந்தது.

லாக்கில் ஒன்றும் இல்லை

அடுத்து எல்லோரும் போகும் இடத்துக்கே போனேன். முந்தைய பூட்டின் பதிவை (லாக்) காட்டும்படி ஜர்னல்சிடிஎல் கட்டளையிடம் கேட்டால், கடைசி வரி மிகச் சாதாரணமானது: ஏதோ ஒரு டைமர் ஓடி முடிந்தது. அதற்கு அப்புறம் வெற்று. பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

லாக்கில் ஒன்றும் இல்லை என்று இங்கேயே பலர் கைவிட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் இந்த வழக்கிலேயே பலமான தடயம் அந்த வெறுமைதான். லாக் எங்கே எழுதப்படுகிறது? வட்டில். வட்டு போய்விட்டால், வட்டு போய்விட்டது என்ற செய்தியை எழுத இடமேது? கிராஃபிக்ஸ் டிரைவர் விழுந்திருந்தால் லாக்கில் பக்கம் பக்கமாகப் புலம்பல் இருந்திருக்கும்.

இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. உபுண்டுவின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் ஜர்னல் வந்த வரிகளை உடனுக்குடன் வட்டில் உறுதியாகப் பதிப்பதில்லை. இயல்பான அமைப்பில் 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் பதிக்கும். மிகக் கடுமையான செய்தி என்றால் மட்டும் உடனே. அதனால் கடைசிச் சில நிமிடங்கள் காணாமல் போவது எந்தத் திடீர் நிறுத்தத்திலும் நடக்கக்கூடியது. வெற்று லாக் மட்டும் வட்டைக் குற்றவாளி ஆக்கிவிடாது. எக்கோ சோதனையையும், ரீஸ்டார்ட் செய்தால் வட்டைக் காணோம் என்பதையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அது பேசுகிறது.

லைவ் உபுண்டு ஏன் நின்றதில்லை என்பதற்கும் இங்கே விடை கிடைத்துவிடுகிறது. லைவ் அமைப்பு பென்டிரைவிலிருந்தும் நினைவகத்திலிருந்தும் ஓடுகிறது. உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி போனாலும் அதை யாரும் தேடப்போவதில்லை. சொல்லிவைத்த மாதிரி, லைவ் உபுண்டுவை நெடுநேரம் ஓடவிட்டு, பிறகு வட்டுகளின் பட்டியலைக் கேட்டபோது ஒரு தடவை அந்த எஸ்எஸ்டி பட்டியலிலேயே இல்லை. நாள் முழுக்கச் சிக்கலே இல்லை என்று நினைத்த நேரத்திலும் அதே கோளாறு நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

வாக்குமூலம் பிடித்த விதம்

ஊகம் போதாது. வட்டு போகும் நொடியில் கெர்னல் என்ன சொல்கிறது என்பது கையில் வேண்டும். கெர்னலின் செய்திகள் நினைவகத்தில் ஒரு வளையத்தில் இருக்கின்றன. அவற்றைக் காட்டும் 'டிமெசேஜ்' நிரல்தான் வட்டில் இருக்கிறது. நிரலை முன்கூட்டியே நினைவகத்துக்குக் கொண்டுபோய்விட்டால் முடிந்தது.

அதற்கு பிஸிபாக்ஸ் என்ற சின்ன நிரல் அருமையான கருவி. பல அடிப்படைக் கட்டளைகள் ஒரே கோப்புக்குள் அடங்கியது. அதன் 'ஸ்டேட்டிக்' வடிவத்துக்கு வேறு எந்த லைப்ரரியும் (துணைக் கோப்பும்) தேவையில்லை. அதை 'டெவ்' அடைவின் 'எஸ்எச்எம்' பகுதிக்கு நகல் எடுத்தேன். அந்தப் பகுதி முழுக்க நினைவகத்தில் இருப்பது. பிறகு ஒரு டெர்மினலில் ரூட் (முழு அதிகாரம் கொண்ட) ஷெல்லைத் திறந்து அப்படியே விட்டேன். இந்த ரூட் ஷெல்லை முன்கூட்டியே திறந்து வைப்பது முக்கியம். வட்டு போனபின் அந்த அதிகாரம் கேட்டு சூடோ என்று அடித்தால், சூடோவும் வட்டில்தானே இருக்கிறது, அது வராது.

இதற்கு மாற்று வழிகளும் உண்டு. இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச்சில் நுழைந்து, டிமெசேஜைத் தொடர்ந்து காட்டும் முறையில் ஓடவிட்டுக் காத்திருக்கலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பெரும்பாலும் வட்டு போனாலும் தாக்குப்பிடிக்கும். கெர்னலே செய்திகளை நெட்வொர்க்கில் அனுப்பும் நெட்கன்சோலும் இருக்கிறது, ஆனால் அதற்கு நடைமுறையில் கம்பிவழி இணைப்பு வேண்டும். பேனிக் ஆனால் கடைசி வரிகளைச் சேமித்து வைக்கும் பிஸ்டோர் இங்கே உதவாது. இது பேனிக்கே இல்லை.

சும்மா காத்திருப்பதும் சரிவராது, ஏனென்றால் எப்போது நிற்கும் என்று தெரியாது. அதனால் கோளாறை வரவழைக்க ஒரு வழி செய்தேன். சில நொடிகளுக்கு ஒருமுறை வட்டிலிருந்து ஒரு சிறு பகுதியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கும் ஸ்கிரிப்ட். படிக்கும்போது கேஷைத் தாண்டி நேரடியாக வட்டிலிருந்தே படிக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் முறையிலிருந்து நினைவகமே பதில் சொல்லிவிடும், வட்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. இந்த ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கியபின், நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த கோளாறு ஒரு மணி நேரத்துக்குள் வந்தது.

நின்றவுடன் நினைவகத்தில் இருந்த பிஸிபாக்ஸ் வழியாக டிமெசேஜைக் கேட்டேன். சாரம் இதுதான். என்விஎம்இ கன்ட்ரோலர் (வட்டை நடத்தும் சிப்) செயலிழந்தது, ரீசெட் செய்யப்போகிறேன் என்று முதல் வரி. அதிலேயே கன்ட்ரோலரின் நிலையைச் சொல்லும் சிஎஸ்டிஎஸ் மதிப்பு, ஹெக்ஸ் எண்ணாக, எட்டு 'எஃப்' வரிசையாக. பிசிஐ (வட்டைக் கணினியோடு இணைக்கும் வழி) நிலை மதிப்பும் முழுக்க 'எஃப்'. அடுத்த வரியில் கெர்னலே கேட்கிறது: உங்கள் சாதனத்தில் பழுதான மின்சேமிப்பு முறை இயங்குகிறதா? அப்படியானால் இந்த இரண்டு அளவுருக்களை (பூட் செய்யும்போது கெர்னலுக்குச் சொல்லும் அமைப்புகள்) கொடுத்துப் பாருங்கள் என்று அவற்றின் பெயரையும் சொல்லியிருந்தது. அதற்குப் பின் ரீசெட் தோல்வி, பிழை எண் -19. லினக்ஸில் அந்த எண்ணுக்குப் பொருள், அப்படி ஒரு சாதனம் இல்லை என்பது. பிறகு கோப்பமைப்பின் பிழைகள் அடைமழையாக.

எட்டு 'எஃப்' என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அது 32 பிட்டும் 1 என்ற மதிப்பு. அந்தப் பதிவகத்தில் எப்போதும் 0ஆக இருக்க வேண்டிய பிட்டுகளும் உண்டு, அதனால் எந்தக் கன்ட்ரோலரும் அப்படி ஒரு நிலையைத் தானாகச் சொல்லாது. பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒரு சாதனத்தைக் கேட்டு அது பதிலே தராவிட்டால், கேட்டவருக்கு எல்லாப் பிட்டும் 1 என்றே போய்ச் சேரும். வட்டு தப்பாகப் பதில் சொன்னது என்று இதைப் படிக்கக் கூடாது. வட்டு பதிலே சொல்லவில்லை. கதவைத் தட்டினால் உள்ளே ஆள் அரவமே இல்லை.

முதல் அரை நிமிட மௌனத்துக்கும் விளக்கம் கிடைத்தது. லினக்ஸின் என்விஎம்இ டிரைவர் ஒரு கட்டளைக்கான பதிலுக்கு இயல்பாக 30 நொடி காத்திருக்கும். அதுவரை நம்பிக்கையோடு நிற்கிறது. அதன்பின்தான் ரீசெட் முயற்சியும் பிழைகளும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு முதலில் ஹேங், பிறகு எரர் என்று இரண்டு கட்டமாகத் தெரிந்தது இதனால்தான்.

வட்டின் தூக்கம்

என்விஎம்இ எஸ்எஸ்டிகளுக்குப் பல மின்நிலைகள் உண்டு. பிஎஸ்0 முழு விழிப்பு. எண் கூடக் கூட மின்சாரம் குறையும். கடைசி ஓரிரு நிலைகளில் வட்டு படிக்கவோ எழுதவோ செய்யாது, தூங்கும். ஒவ்வொரு நிலைக்குள்ளும் போக எவ்வளவு நேரம், வெளியே வர எவ்வளவு நேரம் என்பதை வட்டே ஒரு பட்டியலாகச் சொல்லும். இந்த வட்டின் பட்டியலில் பிஎஸ்3 நிலையில் 0.05 வாட், வெளியே வர 1,200 மைக்ரோநொடி. ஆழ்ந்த தூக்கமான பிஎஸ்4 நிலையில் 0.005 வாட், உள்ளே போக 2,000, வெளியே வர 8,000 மைக்ரோநொடி.

எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் எந்த நிலைக்குப் போகலாம் என்று இயங்குதளம் ஒரு அட்டவணையை வட்டிடம் கொடுத்துவிட்டால், அதற்கப்புறம் வட்டு யாரையும் கேட்காமல் தானாகவே தூங்கி எழும். இதற்கு ஏபிஎஸ்டி என்று பெயர். லினக்ஸ் கெர்னலில் இது 2017இல் வெளிவந்த 4.11 பதிப்பில் சேர்ந்தது. மடிக்கணினிகளின் பேட்டரிக்கு இது நல்ல வரம். ஆனால் தான் எழுந்துவிடுவேன் என்று பட்டியலில் வாக்குக் கொடுத்துவிட்டு, அபூர்வமாக எழாமல் போகும் வட்டுகளும் இருந்தன. அப்படிப்பட்டவை தெரியவரும்போதெல்லாம் இந்த வட்டை ஆழ்ந்த தூக்கத்துக்கு அனுப்பாதே என்று கெர்னலிலேயே விதிவிலக்குப் பட்டியல் ஒன்று வளர்ந்துகொண்டு வருகிறது.

இப்போதைய கெர்னல்களில், இந்த வட்டின் அளவுகளுக்கு, 100 மில்லிநொடி சும்மா இருந்தாலே பிஎஸ்4க்குப் போகலாம் என்று அட்டவணை அமைகிறது. ஒரு நாளில் வட்டு ஆயிரக்கணக்கான முறை தூங்கி எழுகிறது. அவ்வளவு முறையும் எழுந்து, ஏதோ ஒருமுறை எழாமல் போனால் போதும். கோளாறு தற்செயலாக, கணிக்க முடியாததாகத் தோன்றியது இதனால். கம்பைல் (எழுதிய நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றுவது) போன்ற வேலை ஓடும்போது நிற்காததற்கும் இதுவே காரணம்: வட்டுக்கு அப்போது கண்ணயர நேரமே இல்லை.

அப்படியானால் விண்டோஸில் ஏன் வரவில்லை? விண்டோஸும் வட்டைத் தூங்க வைக்கத்தான் செய்கிறது. ஆனால் எப்போது, எவ்வளவு ஆழத்துக்கு என்பதை அதன் டிரைவரும் பவர் திட்டமும் தங்களுக்கென வைத்திருக்கும் விதிகளின்படி முடிவு செய்கின்றன. விண்டோஸ் நன்றாக ஓடுகிறது, அதனால் வன்பொருள் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அதை நான் ஏற்பதில்லை. விண்டோஸ் அந்த வன்பொருளிடம் கேட்பதை அது செய்கிறது என்பதற்கு மேல் அதில் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. இரண்டாவது இயங்குதளம் வேறு விதமாகக் கேட்கும்போதுதான் மறைந்திருக்கும் குறை வெளியே வருகிறது.

ஒவ்வொன்றாகச் சோதித்தது

கெர்னல் சொன்ன யோசனை இரண்டு அளவுருக்களை ஒன்றாகக் கொடுப்பது: வட்டின் ஏபிஎஸ்டியை நிறுத்துவது ஒன்று, பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பின் மின்சேமிப்பான ஏஎஸ்பிஎம்மைக் கெர்னல் கையாள்வதை நிறுத்துவது இன்னொன்று. அவசரத்துக்கு இரண்டையும் போட்டுக் கணினியை நிற்காமல் ஓட வைத்துவிடலாம், தப்பில்லை. ஆனால் எது காரணம் என்று தெரிய வேண்டுமானால் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் க்ரப் (இயங்குதளத்தைத் தேர்ந்து பூட் செய்யும் நிரல்) மெனுவில் 'ஈ' எழுத்தை அழுத்தி, அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் ஏஎஸ்பிஎம் அளவுருவைக் கொடுத்தேன். ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். வட்டு பழையபடி போனது. அடுத்து ஏஎஸ்பிஎம்மைத் தொடாமல், என்விஎம்இ கோர் மாட்யூலின் 'டீஃபால்ட் பிஎஸ் மேக்ஸ் லேட்டன்சி' அளவுருவுக்கு 0 கொடுத்தேன். 0 என்றால் ஏபிஎஸ்டி முழுக்க நிறுத்தம். ஸ்கிரிப்ட் இரவு முழுக்க ஓடியது. காலையில் வட்டு இருந்தது. அளவுருவை எடுத்துவிட்டு மறுபடி பூட் செய்தேன், வட்டு போனது. மறுபடி போட்டேன், தாங்கியது. இப்படிப் போட்டும் எடுத்தும் பார்க்காமல் சரியாகிவிட்டது என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எப்போதாவது வரும் கோளாறு இரண்டு நாள் வராமல் இருந்து ஏமாற்றும்.

அளவுரு உண்மையில் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு எழுத்து தப்பாக அடித்தாலும் கெர்னல் பெரும்பாலும் சத்தம் போடாமல் பூட் ஆகிவிடும். 'சிஸ்' அடைவில் அந்த மாட்யூலின் 'பாராமீட்டர்ஸ்' பகுதியில் மதிப்பைப் படிக்கலாம். என்விஎம்இ-சிஎல்ஐ கருவியில் 12ஆம் அம்சத்தைக் கேட்டால், ஏபிஎஸ்டி இயங்குகிறதா இல்லையா என்று வட்டே சொல்லும்.

கடைசியில் வைத்த மதிப்பு

0 என்பதே நிரந்தரத் தீர்வாகப் பல இடங்களில் சொல்லப்படுகிறது. வேலை செய்யும். ஆனால் வட்டு எந்நேரமும் விழித்தே இருக்கும்; மடிக்கணினியில் அது சூட்டிலும் பேட்டரியிலும் தெரியும். இங்கே எழ முடியாமல் போவது ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மட்டும்தானா என்று பார்ப்பது நியாயம். அந்த அளவுருவின் பொருள், வெளியே வர இத்தனை மைக்ரோநொடிக்கு மேல் எடுக்கும் நிலைக்குப் போகாதே என்பது. 1,200க்கும் 8,000க்கும் நடுவில் ஒரு எண் கொடுத்தால் பிஎஸ்3 உண்டு, பிஎஸ்4 இல்லை. 5,500 கொடுத்தேன். ஸ்கிரிப்ட் அதிலும் தாங்கியது. பிறகு மாணவியின் அன்றாட வேலையிலும் தாங்கியது.

இதனால் இழப்பது எவ்வளவு? 0.05 வாட்டுக்கும் 0.005 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம், 45 மில்லிவாட். சும்மா இருக்கும்போது 5 வாட் அளவில் இழுக்கும் மடிக்கணினியில் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

நிரந்தரமாக்க, 'இடிசி' அடைவின் 'டீஃபால்ட்' பகுதியில் இருக்கும் க்ரப் கோப்பில், கெர்னலுக்கான கட்டளை வரியில் இதைச் சேர்த்து அப்டேட்-க்ரப் ஓட்ட வேண்டும். கெர்னல் புதுப்பிப்பு வந்தாலும் அந்த வரி தொடரும். லைவ் உபுண்டுவில் மறுபடி நிறுவ நேர்ந்தால், அந்தப் பூட்டிலும் க்ரப் மெனுவிலேயே இதைக் கொடுத்துவிட வேண்டும். நிறுவும் நடுவில் வட்டு போனால் அலங்கோலம்.

இதையெல்லாம் தொடங்கும் முன்பே, வட்டுக்குள்ளேயே ஓடும் நிரலான ஃபர்ம்வேருக்குப் புதுப்பிப்பு உண்டா என்று விண்டோஸில் தயாரிப்பாளரின் கருவியிலும், லினக்ஸில் எஃப்டபிள்யூயுபிடி வழியாகவும் பார்த்திருந்தேன். இந்த மாதிரிக்கு இல்லை. இருந்திருந்தால் அதைத்தான் முதலில் செய்திருப்பேன், ஏனென்றால் குறை இருப்பது அங்கே. ஃபர்ம்வேரையோ பயாஸ் அமைப்பையோ தொடுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: விண்டோஸில் பிட்லாக்கர் (வட்டை மறையாக்கும் வசதி) இயங்கினால், அதன் மீட்புச் சாவியை முதலில் வேறொரு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் ஒரு மாற்றம் செய்ததற்கே அடுத்த பூட்டில் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்டு நிற்கலாம்.

சேதமும் மீதியும்

இத்தனை முறை திடீரென நின்றதில் கோப்பமைப்பு என்ன ஆனது என்று பார்ப்பதும் வேலையின் ஒரு பகுதிதான். இஎக்ஸ்டி4 தன் ஜர்னலைக் கொண்டு ஒவ்வொரு முறையும் தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கிறது. லைவ் உபுண்டுவிலிருந்து, ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்யாத (பயன்பாட்டுக்கு இணைக்காத) நிலையில், முழுச் சோதனை ஓட்டியதில் சில்லறைத் திருத்தங்கள் மட்டுமே வந்தன. நிறுவிய பொதிகளின் கோப்புகளை டெப்சம்ஸ் கொண்டு ஒப்பிட்டதில் ஒன்று மட்டும் பாழாகியிருந்தது. அந்தப் பொதியை மறுபடி நிறுவினேன்.

விண்டோஸ் பார்ட்டிஷனில் வேறொரு சிக்கல் ஒளிந்திருந்தது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி, ஷட்டவுன் என்று சொன்னாலும் விண்டோஸின் மையப் பகுதியை ஹைபர்னேட் செய்துதான் (அதன் நிலையை வட்டில் சேமித்துத்தான்) அணைக்கிறது. அந்த நிலையில் அதன் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனை உபுண்டுவில் திறந்து எழுதினால் இரண்டு தரப்பும் ஒன்றையொன்று மிதிக்கும். இவர் பாடக் கோப்புகளை அந்தப் பார்ட்டிஷனில் வைத்து இரண்டிலிருந்தும் பயன்படுத்திவந்தார். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தி, விண்டோஸை முறையாக அணைத்து, விண்டோஸுக்குள்ளிருந்தே, கோப்பமைப்பைச் சோதிக்கும் செக்டிஸ்க் ஓட்டினோம். உபுண்டு நின்றதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் முதல் நாளே நிறுத்திவிட வேண்டிய வசதி அது.

கடைசி வேலை கெர்னல் தரப்புக்குப் புகார் அனுப்புவது. கெர்னலின் விதிவிலக்குப் பட்டியல் பெரும்பாலும் வட்டின் பிசிஐ அடையாள எண்களை வைத்து இயங்குவது. எல்எஸ்பிசிஐ கட்டளையில் எண்களையும் சேர்த்துக் காட்டச் சொன்னால் அந்த வட்டின் தயாரிப்பாளர் எண்ணும் சாதன எண்ணும் கிடைக்கும். அவற்றோடு ஃபர்ம்வேர் பதிப்பு, மின்நிலைப் பட்டியல், பிடித்துவைத்த டிமெசேஜ் வரிகள், ஏஎஸ்பிஎம் தனியாகவும் ஏபிஎஸ்டி தனியாகவும் செய்த சோதனைகளின் முடிவு, 5,500 தாங்குகிறது என்ற தகவல், எல்லாவற்றையும் தொகுத்து மாணவியே தன் பெயரில் அனுப்பினார். அந்த வட்டு பட்டியலில் ஏறும் நாள்வரை க்ரப் கோப்பில் அந்த ஒரு வரி இருக்கும். ஏறியபின் அதை எடுத்துவிட்டு, அதே ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும்.